ஜன்னலோரக் கன்னம்

“கண்ணைப் பார்க்கத்தானே டாக்டர் வரச் சொன்னீங்க? கன்னத்தை எதுக்குக் கிள்ளுறீங்க?”

டிரைவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. ஐம்பத்தெட்டு முடிந்த லாரி டிரைவருக்கு இன்னும் இரண்டு வருடம் வேலை உண்டா இல்லையா என்பது கம்பெனி டாக்டரின் கையெழுத்தில் இருந்தது. அது விழாவிட்டால் வேலையோடு கம்பெனி கொடுத்த வீடும் போய்விடும். படிவம் மேஜைமேல் தயாராக இருந்தது. மூடியைக் கழற்றிய பேனாவும் பக்கத்திலேயே கிடந்தது.

கண் பரிசோதனை நல்லபடியாகத்தான் முடிந்திருந்தது. சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைக் கடைசிப் பொடி வரிவரை டிரைவர் மடமடவென்று ஒப்பித்துவிட்டார். வண்டியைப் பற்றிய கேள்விகளுக்குத்தான் பாதிப் பதில் சுவரோரப் பெஞ்சில் பக்கவாட்டாக உட்கார்ந்திருந்த மனைவியிடமிருந்து வந்தது. கிளட்ச் கொஞ்ச நாளாக இறுக்கமாம். மலையிறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் கியரிலேயே இறங்குகிறார்களாம். டாக்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புருஷனைக் கேட்டால் பெண்டாட்டி பதில் சொல்வது எந்த டாக்டருக்கும் பழகிப்போன விஷயம். இந்த மனிதருக்கு இவ்வளவு சின்ன வயதில் மனைவியா என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

அந்த அம்மாள் இருபது வருடமாகக் கணவரோடு லாரியிலேயே போய் வருகிறவள். போகிற வழியில் சமையலும் அங்கேயேதான். மற்ற டிரைவர்கள் அதைத் ‘தேனிலவு வண்டி’ என்று கேலி செய்வார்கள்.

டாக்டர் கம்பெனிக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. தோல் மருத்துவம் படித்தவர். தோலைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் லேசில் விடமாட்டார்.

“வயசானா தோல் ஏன் தொங்குது தெரியுமா? உள்ளே எலாஸ்டிக் மாதிரி நார் இருக்கு. இழுத்து விட்டா தோலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர்றது அதுதான். வயசாக ஆக உடம்பு புது நார் செய்யறதைக் குறைச்சுக்கும். இருக்கிறதும் பழைய பைஜாமா எலாஸ்டிக் மாதிரி விட்டுப்போயிடும். ரத்தக்குழாய்கூட இப்படித்தான் விறைச்சுப்போகும்.”

“எல்லாருக்கும் வர்றதுதானே டாக்டர்.”

“வரும். ஆனா ரெண்டு கன்னத்துக்கும் ஒண்ணாத்தானே வரணும்?”

டாக்டர் டிரைவரின் வலது கன்னத்தைக் கிள்ளி விட்டார். தோல் சட்டென்று படிந்தது. இடது கன்னத்தைக் கிள்ளினார். மடிப்பு அப்படியே நின்று, மனசில்லாமல் மெல்ல இறங்கியது.

வெயில்தான் அந்த நார்களைச் சீக்கிரம் கெடுக்கும் என்றார் டாக்டர். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் தோலின் ஆழம்வரை போகிற கதிர் உள்ளே வந்துவிடுமாம். இந்த வாரம் பதினோரு டிரைவர்களைப் பார்த்தாராம். பதினோரு பேருக்கும் தொங்கியிருந்தது வலது கன்னம்.

“நம்ம வண்டிகள்ல ஸ்டியரிங் வலப்பக்கம். ஜன்னல் வெயில் உங்க வலது கன்னத்துலதான் அடிச்சிருக்கணும். உங்களுக்கு மட்டும் இடது பக்கம் எப்படிப் போச்சு?”

தான் இடது பக்கமாகவே படுத்துத் தூங்குகிறவன் என்றார் டிரைவர். டாக்டர் பேனாவை எடுத்து மூடினார்.

“கம்பெனி கேட்ல வேணா கேட்டுப் பாருங்க டாக்டர். உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் நான்தான் ஓட்டுறேன்.”

“கேட்டைத் தாண்டினப்புறம்?”

டிரைவர் மேஜைமேல் இருந்த படிவத்தைப் பார்த்தார்.

“வருஷக்கணக்கா நீங்க கிளீனர் சீட்லதான் உக்காந்திருக்கீங்க. பேரு உங்களுக்கு, வண்டி வேற எவன் கையிலயோ. லைசென்ஸ்கூட இல்லாத எவனையோ ரோட்ல விட்டுட்டு, என்கிட்ட வந்து கையெழுத்துக் கேக்குறீங்க. யாரு அவன்?”

“அப்படி எவனும் இல்ல டாக்டர். சத்தியமா.”

அதற்குமேல் டாக்டருக்குப் பொறுமை இல்லை. பத்து டன் சரக்கோடு ஓடுகிற வண்டி, நாளைக்கு யார்மேலாவது ஏறினால் என்ன ஆவது? மேனேஜருக்குச் சொல்லாமல் இருக்க முடியாது என்று போனை எடுத்து எண்களை அழுத்தத் தொடங்கினார். டிரைவர் கலங்கிய கண்களோடு தன் மனைவியைப் பார்த்தார். பாழாய்ப்போன இந்தக் கன்னம் இப்படிக் காட்டிக்கொடுக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

பெஞ்ச் நகர்கிற சத்தம் கேட்டது. மனைவி எழுந்திருந்தாள்.

“போனை வையுங்க டாக்டர். கண்ணு மங்கிப்போனது அவர் குத்தமா? அந்த அட்டையை மனப்பாடம் பண்ண வெச்சது நான்தான். ஆனா எவனும் இல்லைன்னு சொன்னாரே, அது நிஜம்.”

சொல்லிவிட்டு அவள் முதல்முறையாக டாக்டரை நேருக்கு நேர் பார்த்துத் திரும்பினாள். இடது பக்கம் அவர் அதுவரை பார்த்துக்கொண்டிருந்த நாற்பது வயது முகம். வலது கன்னம் மட்டும் கண்ணிலிருந்து தாடைவரை சுருங்கித் தொங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் போனை வைத்தார். எழுத்து அட்டையைக் கழற்றி, வேறு எழுத்துகள் இருந்த பின்பக்கம் தெரியும்படி திருப்பி மாட்டினார்.

“இந்தப் பக்கம் மனப்பாடம் ஆகியிருக்காதுன்னு நினைக்கிறேன். நீங்க வந்து நில்லுங்கம்மா. லைசென்ஸ் இருக்கா?”

“இருபது வருஷமாப் பையிலேயேதான் இருக்கு டாக்டர்,” என்று அவள் அதை எடுத்து நீட்டினாள். “கம்பெனியில இதுவரைக்கும் யாரும் கேட்டதே இல்ல.”