ஐஸ்கட்டி எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

ஜூஸ் டம்ளரிலிருந்து மேசையில் விழுந்த ஐஸ்கட்டி, அங்கே திறந்து கிடந்த தடித்த வெப்ப இயக்கவியல் புத்தகத்திடம் போனது.

"ஐயா, நான் ஏன் கரையறேன்? முழுசாப் போறதுக்குள்ள தெரிஞ்சாகணும்."

"புள்ளியியல் இயற்பியல் படிச்சிட்டு வா. என் முன்னுரையிலேயே போட்டிருக்கே."

அந்தப் புத்தகமும் பக்கத்தில்தான் திறந்து கிடந்தது. ஐஸ்கட்டி வழுக்கிக்கொண்டு போய்க் கேட்டது.

"வெப்ப இயக்கவியல் தெரியாமலா வந்தே? என் முன்னுரையைப் பாரு."

"அவர்தாங்க உங்ககிட்ட அனுப்பினார்."

"அது பழைய பதிப்பு. அப்படித்தான் உளறும்."

பாதியாகிவிட்ட ஐஸ்கட்டிக்குக் கோபம் வந்தது. "அப்போ முதன்முதலா படிச்சவங்க எதைத்தான் முதல்ல படிச்சாங்க?"

புத்தகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "அதைக் கண்டுபிடிப்பது மாணவர்களுக்கான பயிற்சி" என்றன.

அதற்குள் தண்ணீராகிவிட்ட ஐஸ்கட்டி, இரண்டு முன்னுரைகளுக்குள்ளும் ஒரே நேரத்தில் ஊறத் தொடங்கியது.

"இப்படியில்லை, வரிசைப்படி வா" என்று இரண்டும் பதறின.