அம்மாவின் எச்சில்

மகனுக்கு முதல் பல் முளைத்த நாளிலிருந்து ஜெசிந்தா அவனுக்கு ஒரு முத்தம்கூடக் கொடுக்கவில்லை. அவள் வாயில் ஏழு சொத்தைப் பல். அந்தக் கிருமி பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயம். பல்லைக் காக்கும் நல்ல கிருமி சேர்த்த சொட்டு மருந்தை மூன்று மாதமாகத் தன் நாக்கில் விட்டுவந்தாள்.

இன்று வீட்டுக்கு வந்த நர்ஸ் அவள் எச்சிலைச் சோதனைக் காகிதத்தில் தடவியதும் அது பச்சையானது; நல்ல கிருமி வாயில் நிலைத்துவிட்டது என்று அர்த்தம்.

"இனி உங்க எச்சில்தான் அவனுக்கு மருந்து. ஒரே கரண்டியில ஊட்டுங்க."

"நெசமாவா சிஸ்டர்?"

"அதுக்காக ராத்திரி பல்லு தேய்க்காம விட்டுறாதீங்க!"

"அப்ப எனக்கும் ஒரு வாய் குடு," என்றான் பக்கத்திலிருந்த கணவன் சேவியர்.

"வரிசையில வாங்க," என்றாள் ஜெசிந்தா.

அவள் கூழை நுனிநாக்கில் சூடு பார்த்துவிட்டு, அதே கரண்டியால் ஊட்டினாள். பிள்ளை விழுங்கிவிட்டு அடுத்த வாய்க்குத் தரையைத் தட்டினான். அவளுக்குக் கண்ணீரில் கிண்ணமே தெரியவில்லை.