அப்பா அட்டை

கப்பல் நங்கூரம் போட்டு எவ்வளவு நேரமாகிறது, இன்னும் ஒரு படகைக்கூட இறக்கவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மகன் ஓபேத்தின் மூக்கை என் கவுன் நுனியால் மறுபடியும் துடைத்தேன்.

“அக்கா, அவன் மூக்கு கழண்டு உன் கையோட வந்துரப்போவுது. விடேன்” என்றாள் தங்கை லெய்கிட்டா.

விடுவதாம். அவளுக்கென்ன, சொல்லிவிடுவாள். அவள் எந்தக் கப்பலுக்கும் காத்திருக்கவில்லை. அவள் மகன் ஏனோக்குக்கும் என் மகன் வயதுதான். அவன் பிறப்பதற்கு முன்பே அவனுடைய தகப்பன் வேறு தீவில் வேறொருத்தியோடு குடியேறிவிட்டான்.

என் கணவர் கல்மெட் ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போனவர். ஏழு மாதம் என்று சொல்லித்தான் போனார். உலகமெல்லாம் நோய் வந்தது, விமானங்கள் நின்றன, இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. போகும்போது ஓபேத் தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. எங்கள் ஊரில் மலை உச்சிக்கு ஏறினால்தான் போன் பேசும். அதிலும் குரல் மட்டும்தான், முகமெல்லாம் வராது.

முந்திய கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகள் தகப்பனைக் கண்டு வீறிட்டு அழுத கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

“அவன் என்னைப் பாத்து அழுதான்னா, அதே கப்பல்ல திரும்பிப் போயிருவேன் லெய்சாங்” என்றார் போனில். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரிப்பு கடைசிவரை நீடிக்கவில்லை.

அன்றைக்கே கத்தரிக்கோலை எடுத்தேன்.

மீன் டின் வந்த அட்டைப்பெட்டியைச் சீட்டுச் சீட்டாக வெட்டினேன். பன்றி, படகு, தேங்காய், சேப்பங்கிழங்கு, எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வரைந்தேன். என் பன்றியைப் பார்த்து லெய்கிட்டா நாய் என்றாள். தலைநகர் போர்ட் விலாவுக்குப் போனவர்களிடம் கல்யாணப் படத்தைக் கொடுத்து நகல் எடுத்துவரச் சொல்லி, அவர் முகத்தை மட்டும் வெட்டிச் சீமைப்பலாப் பாலால் ஒட்டினேன். எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட வேண்டும், ஒரே மாதிரி இரண்டைப் புரட்ட வேண்டும், புரட்டியதற்குப் பேர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

ஓபேத் பன்றியைத்தான் தேடுவான். கிடைத்தால் அதற்கு முத்தம் வேறு. அப்பா அட்டை வந்தால் அதன் ஓரத்தைக் கடிப்பான்.

“இது யாருடா? பல்லப் பாரு, நடுவுல சந்து. யாரு?”

“அப்பா!” என்று கத்துவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஏனோக்.

“உன்னையாடா கேட்டேன்? வாய மூடு. அவன் சொல்லட்டும்.”

எத்தனை தடவை அந்தப் பிள்ளையை அதட்டியிருப்பேன்! இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்வான். கண் மட்டும் அட்டையை விட்டு நகராது.

நேற்று, தூங்கப்போகும் நேரத்தில், ஓபேத் சரியான அட்டையைப் பார்த்து “அப்பா” என்றான். அதற்குப் பிறகுதான் எனக்கு இரண்டு வாய் கிழங்கு இறங்கியது.

“என்னடி லெய்சாங், பரீட்சை உம் மகனுக்கா, உனக்கா?” என்று பாதிரியாரின் மனைவி கேட்க, கரையில் மாலையோடு நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் ஓபேத்தின் தலையை எச்சில் தொட்டுப் படிய வைத்தேன். பிறகு அதையும் கலைத்தேன்.

ஒருவழியாகப் படகு வந்தது. எல்லோர் தலையிலும் ஒரே நீலத் தொப்பி. அட கடவுளே, தொப்பியோடு வருவார் என்று யார் கண்டது! அட்டையில் தொப்பி இல்லையே!

அவர் முழங்கால் தண்ணீரில் குதித்தார். இளைத்துக் கறுத்திருந்தார். நானே ஒரு நொடி தடுமாறிப்போனேன். அப்புறம் கரையைப் பார்த்துச் சிரித்தார். பல் தெரிந்தது.

“ஓபேத், பாரு! யாரு? சொல்லு!”

தோளைப் பிடித்து முன்னால் தள்ளினேன். அவன் திரும்பி என் கவுனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

“அப்பா!”

என் காலில் மணல் தெறித்தது. ஏனோக் தண்ணீருக்குள் ஓடிக்கொண்டிருந்தான், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு.

கல்மெட் தோளில் இருந்த பையைத் தண்ணீரிலேயே போட்டார். பிள்ளையை வாரி எடுத்தார். அதன் கழுத்தில் முகத்தை வைத்து, அத்தனை பேருக்கு முன்னாலும் வாய்விட்டு அழுதார்.

“எம் புள்ளைக்கு என்னைத் தெரியுது! பாத்தியா லெய்சாங், எம் புள்ள என்னை மறக்கல!”

ஏனோக் அவர் கழுத்தை இறுக்கிக்கொண்டு, அப்பா, அப்பா என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

லெய்கிட்டா பதறிக்கொண்டு முன்னால் ஓடினாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பிள்ளையைப் பிடுங்கிக் கீழே இறக்கிவிடலாம் போலிருந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அதுவும் முடியவில்லை. சொல்லத்தான் வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும். லெய்கிட்டாவின் கையைத்தான் இன்னும் இறுக்கினேன்.

ஓபேத் கவுனிலிருந்து மெல்லத் தலையை நீட்டினான். தண்ணீரில் நின்ற இரண்டு பேரையும் நன்றாகப் பார்த்தான்.

“அம்மா, அது ஏனோக்கோட அப்பாவா?”