சரணத்தில் ஏறும் சத்தம்

"செந்திலு, அந்தப் பெட்டியக் கொஞ்சம் குறைடா. நான் பாடுறது எனக்கே கேக்கல."

பாட்டு முடிந்து கைத்தட்டல் அடங்குவதற்குள் பரிமளா திரும்பிச் சொன்னாள். மைக்கைப் பொத்திக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் முன்வரிசை முழுக்கக் கேட்டது.

"சரிக்கா" என்று செந்தில்குமார் குனிந்து, கிட்டாரின் சத்தம் வரும் அந்த ஆம்ப் பெட்டியின் குமிழைத் திருகினான்.

அரியலூரில் சின்னக் கல்யாண மண்டபம் அது. ரெட்டிபாளையம் சிமென்ட் ஆலையில் வேலை பார்ப்பவர் வீட்டுக் காதணி விழா. அதில் பரிமளா குழுவின் பாட்டுக் கச்சேரி. தகரக் கூரை, தாழ்வான மேடை. மெதுவாக வாசித்தாலே சத்தம் சுவரில் மோதித் திரும்பி வரும். மேடைக்கு எதிரே, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் முன்னால் உட்கார்ந்திருந்த அரியமுத்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"நான் இங்க அடியோட குறைச்சுட்டேம்மா. அது நேரா பெட்டிலேர்ந்து வர்ற சத்தம். அது என் கையில இல்ல."

"பெட்டிய அந்தப் பக்கமாவது திருப்புடா. அது ஏன் என் காதுக்கு நேரா இருக்கு?"

"இந்தப் பக்கம்தாங்க்கா பிளக் எட்டுது" என்றான் செந்தில்.

பிளக் இரண்டு பக்கமும் இருந்தது. பரிமளாவுக்கு அப்போதே கொதிக்க ஆரம்பித்துவிட்டது.

அடுத்து குழுவின் இன்னொரு பாடகன் கோகுலகிருஷ்ணன் பாடினான். கிட்டார் இருக்கிற இடமே தெரியவில்லை. அதற்கடுத்து பரிமளாவின் அம்மன் பாட்டு. பல்லவி நன்றாகத்தான் போனது. சரணத்தில் குரல் உச்சிக்கு ஏறும் இடம் வந்ததும் செந்திலின் கால், கிட்டார் சத்தத்தை ஏற்றும் பெடலை மிதித்தது. கிட்டார் கூரையைப் பிய்த்தது. சாம்பார் வாளியோடு போனவர்கூட நின்று திரும்பிப் பார்த்தார்.

பாட்டை முடித்த கையோடு பரிமளா இடைவேளை விட்டாள். மேடைக்குப் பின்னால், அடுக்கிவைத்த நாற்காலிகளுக்கு நடுவில் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வருஷமா பாக்குறேன். கோகுல் பாடுனா கம்முனு வாசிக்கிற. நான் பாடுறப்ப மட்டும் ஏறி மிதிக்கிற. என்னடா வந்துச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்லக்கா."

"பேரு என்னோடது, குழு என்னோடது. அது உறுத்துதா?"

"அப்படில்லாம் இல்லக்கா."

"அப்ப ஏன்னு சொல்லு."

செந்தில் கிட்டாரின் தோள் வாரைச் சரி செய்தான். பன்னிரண்டு வருடமாகக் கூட வாசிக்கிறவன். பரிமளாவின் புருஷன் செத்தபோது மூன்று மாதம் வேறு எந்தக் குழுவுக்கும் போகாமல் காத்திருந்தவன். அதெல்லாம் அவளுக்கு நினைவில்லாமல் இல்லை. கோபம் வந்துவிட்டால் அவள் வாய் எதையும் யோசித்துக்கொண்டு நிற்காது, அவ்வளவுதான்.

"இன்னையோட நீ கிளம்பு. என் மேடையில உனக்கு வேலையில்ல."

"வர்ற வெள்ளிக்கிழமை பெரம்பலூர் கோயில்ல மட்டும் வாசிச்சுட்டு நின்னுக்கறேங்க்கா. அங்க அம்மன் பாட்டு ரெண்டு இருக்கு."

"அதுக்குத்தான் நீ வேணாங்கறேன். அந்தப் பாட்டையாவது நான் நிம்மதியாப் பாடுறேன்."

அவன் கிட்டாரை உறையில் போட்டான். பெடலைத் துடைத்துப் பையில் வைத்தான். பெட்டி குழுவுடையது என்பதால் அதை அப்படியே விட்டான்.

"தொண்டையப் பாத்துக்கங்கக்கா. சுடுதண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தான். தன் ஊரான அரும்பாவூர் போக அவன் இரண்டு பஸ் மாற வேண்டும். சாப்பிடக்கூட இல்லை.

பரிமளாவுக்கு என்னமோ போலிருந்தது. அதை ஒத்துக்கொள்ள மனசில்லாமல் நேராக மிக்சரிடம் வந்தாள். அரியமுத்துவின் புது மிக்சர் ஒவ்வொருவர் சத்தத்தையும் தனித்தனியாகப் பதிந்து வைத்துக்கொள்ளும்.

"அண்ணே, அந்த அம்மன் பாட்டுல கிட்டார எடுத்துட்டு என் குரல மட்டும் போடுங்க. எப்பேர்ப்பட்ட குரல அவன் அமுக்குனான்னு எல்லாரும் கேக்கட்டும்."

"இப்ப எதுக்கும்மா அது. வா, சாப்பிடலாம்."

"போடுங்கண்ணே."

"வேணாம் பரிமளா. நான் சொல்றதக் கேளு."

"நீங்களும் அவன் பக்கமா? போடுங்கங்கறேன்."

அரியமுத்து ஒவ்வொன்றாக மற்ற எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, ஒன்றை மட்டும் ஏற்றினார்.

பல்லவி வந்தது. பரிமளா நிமிர்ந்து நின்றாள். சரணம் வந்தது. குரல் உச்சிக்கு ஏறியது. அங்கே இரண்டாகப் பிளந்து, கரகரத்து, வெறும் காற்றாகப் போனது.

பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து, "யாரு இது, இப்படிப் பாடுறது?" என்று கேட்டாள்.

பரிமளா அரியமுத்து பக்கம் திரும்பினாள்.

"எத்தன நாளா?"

"போன வருஷம் உனக்குக் காய்ச்சல் வந்துச்சே, அதுலேர்ந்து" என்றார் அரியமுத்து. "அந்த இடம் வர்றப்பல்லாம் அவன்தாம்மா பெடல மிதிச்சு மூடிக்கிட்டு இருந்தான். ஊரு காதுக்காக மட்டும் இல்ல. உனக்குத் தெரிஞ்சா பாடுறதையே விட்டுருவியோன்னுதான் பெட்டிய உன் பக்கம் திருப்பி வச்சான்."