வாசல் மேசை

பிலோமின் கூடையைக் கவிழ்த்த வேகத்தில் தேங்காயெண்ணெய்ச் சோப்புகள் யூலாலியின் மேசை முழுக்கச் சிதறின. அவற்றை அடுக்கக்கூடப் பொறுமையில்லாமல் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

எதிர் மேசையில் மிளகாய்ச் சாறு பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்த வெர்லினுக்குக் கை நின்றுவிட்டது.

"அது யூலாலி மேசைடி."

"தெரியும்."

"உன்னோடது பின்னாடி இருக்கு."

"அதுவும் தெரியும்."

மேலே பேச நேரமில்லை. சுற்றுலாக் கப்பல் வந்துவிட்டது. ரோஸோ துறைமுகத்தில் இறங்குகிறவர்கள் முதலில் பையைத் திறப்பது அந்த வாசல் மேசையில்தான். பிலோமினின் மேசை கடைசி வரிசையில், கழிப்பறைக்குப் பக்கத்தில்.

ராத்திரி மழையில் மலைப்பாதை சரிந்துவிட்டதாம். யூலாலி ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு வேனும் வரவில்லை. அவளுக்கும் பிலோமினுக்கும் பேச்சுவார்த்தை நின்று இரண்டு வருஷமாகிறது. பிலோமின் சோப்பைப் போட்டால் சொறி வரும் என்று யூலாலி ஒரு வெள்ளைக்காரியிடம் சொல்லப்போய், கடைவரிசையே சிரித்த கதை அது. பழிவாங்க நல்ல நாள் பார்த்திருக்கிறாள் என்று வெர்லின் நினைத்தாள்.

வெர்லினுக்கு மரியாதை முக்கியம். 'குட் மார்னிங்' சொல்லாமல் பாட்டிலைத் தொடுகிறவனுக்கு அவள் விற்பதில்லை. அன்றும் ஒருவன் வாயைத் திறக்காமல் ஒரு பாட்டிலை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தான். பிடுங்காத குறையாக வாங்கி வைத்துவிட்டாள். நாமே முதலில் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று தம்பி பெண்டாட்டி ஜோசெட் அடிக்கடி கேட்பாள்.

"வாசல்ல வர்றவன்தான் சொல்லணும். நான் எதுக்குச் சொல்லணும்?" என்பாள் வெர்லின்.

ஜோசெட்டுக்கு இன்னும் மேசை கிடைக்கவில்லை. சீசன் தொடங்கியதிலிருந்து வேலிக்கு வெளியே, பாதாம் மரத்தடியில் மணிமாலை மூட்டையோடு காத்திருக்கிறாள். கப்பல் நாளில் சூப்பர்வைசர் ஃபெலிசியன் சுற்றி வரும்போது மேசையில் சரக்கும் முக்காலியில் ஆளும் இருக்க வேண்டும். மேசைக்காரியோ அவள் ஆளோ, யாராக இருந்தாலும் சரி. இல்லையென்றால் மேசை காத்திருப்பவர்களுக்குப் போய்விடும். சீசன் முடியும்வரை திரும்பாது.

ஃபெலிசியன் வந்தான். வாசல் மேசையில் நின்று ஏதோ கேட்டான். பிலோமின் தலை நிமிராமல் ஏதோ சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டு நகர்ந்தான். என்ன புளுகினாளோ என்று வெர்லினுக்கு உள்ளே குறுகுறுத்தது. உட்காரவும் முடியவில்லை, வியாபாரமும் ஓடவில்லை.

அவன் எப்போதும்போல இரண்டாவது வரிசையோடு திரும்பினான். கழிப்பறை நாற்றத்துக்குப் பயந்து பின்பக்கம் எட்டிப் பார்க்கிறவனே இல்லை.

வெர்லின் எழுந்து போய் மறித்தாள்.

"கடைசி வரிசையையும் பாருங்க சார். அங்க ஒரு மேசை காலியாக் கிடக்கு. ரெண்டு மேசை வச்சுக்க அவ என்ன மகாராணியா?"

ஜோசெட் காத்திருப்பது அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது. அப்படித்தான் அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் கழிப்பறைப் பக்கத்து மேசையில் ஜோசெட்டின் மணிமாலைகள் தொங்கின. பிலோமின் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு சோப்புகளை அடுக்க ஆரம்பித்தாள். அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். வந்து நின்றவர்களைவிடச் சாலையைத்தான் அதிகம் பார்த்தாள்.

உச்சி வெயில் தாண்டி யூலாலி வந்தாள், நடந்தே. முழங்கால்வரை சேறு. தலையில் ஓலைத்தொப்பி மூட்டை. வெர்லின் வாசலுக்கே ஓடி, நடந்ததையெல்லாம் காதில் போட்டாள். யூலாலியின் முகம் இறுகியது.

அதற்குள் பிலோமின் எழுந்து சோப்புகளைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஃபெலிசியன் வந்தானா?" என்றாள் யூலாலி. இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு.

"வந்தான்."

"என் மேசை?"

"யூலாலி எங்கன்னான். சாப்பிடப் போயிருக்கா, நான் அவ ஆளுன்னேன்."

யூலாலி மூட்டையை இறக்க மறந்து நின்றாள்.

"நல்லாத் துடைச்சுட்டு உக்காரு," என்றாள் பிலோமின். "என் சோப்பு இருந்த இடம். சொறி வந்துடப் போவுது."

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வரிசைப் பக்கம் திரும்பாமல் வாசலைத் தாண்டிப் போனாள். வெளியே பாதாம் மரத்தடியில், காலைவரை ஜோசெட் நின்ற இடத்தில், துணியைத் தரையில் விரித்தாள்.

யூலாலி அவளைப் பார்த்தாள். பிறகு கடைசி வரிசையைப் பார்த்தாள்.

"அது ஜோசெட்தானே? ஃபெலிசியன் அந்தப் பக்கமே போக மாட்டானே. அவனை யாரு கூட்டிட்டுப் போனா?"

யாரோ ஒரு வெள்ளைக்காரன் பாட்டில்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கப்பலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. வெர்லின் அவன் பக்கம் திரும்பி, "குட் மார்னிங்," என்றாள்.