குன்றோடு குன்றாக

"இங்க ஒரு வீடு இருக்கிறதே தெரியக்கூடாது. குன்றோட குன்றா கலந்துடணும்."

அமெரிக்காவிலிருந்து திரும்பிய முதலாளி கேட்டது அவ்வளவுதான். திருப்பதிக்காரக் கட்டடக்கலைஞன் பிரஹ்லாத், ராமகுப்பம் காட்டோரத்தில் வீட்டை அப்படியே கட்டிவிட்டான். குன்றின் சரிவு நேராகக் கூரையில் வந்து சேர்ந்தது. கூரைமேல் மண், மண்மேல் புல். கீழிருந்து பார்த்தால் வெறும் பச்சைதான் தெரிந்தது.

நாளை முதலாளி பார்க்க வருகிறார். மாலையில் பிரஹ்லாத் உள்ளே விளக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேல் தொம்மென்றது. தூசி கொட்டியது. மறுபடியும் தொம்.

கணக்குத் தப்பிவிட்டதா? மண்பாரம் தாங்கவில்லையா?

"பாப்பாத்தி, கூரை விழப்போறது! வெளியே ஓடு!"

கூரைப் புல்லைப் பார்த்துக்கொள்ள அமர்த்தியிருந்த பாப்பாத்தி ஓடவில்லை. கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றாள்.

"கத்தாதீங்க சார். கூரை கெட்டியாத்தான் கீது. வெளிய போனாத்தான் செத்தோம்."

"பின்னே மேலே என்ன சத்தம்?"

"நீங்க புல்லு வெதைக்கச் சொன்னீங்க. இவ்ளோ நல்ல மண்ணு வீணாப் போவுதேன்னு நான் கேவுரு வெதச்சிட்டேன் சார். இப்ப கதிரு முத்திடுச்சி."

பிரஹ்லாத் நிமிர்ந்தான். வெளிச்சத்துக்காகக் கூரையில் விட்டிருந்த திறப்பு சட்டென்று இருண்டது. அதன் வழியே ஒரு தும்பிக்கை மெல்ல இறங்கி வந்து அவன் தலைமுடியைத் துழாவியது.

பாப்பாத்தி கிசுகிசுத்தாள்.

"வூடுன்னு தெரிஞ்சிருந்தா ஏறியிருக்காது சார்."