டோக்கியோவில் ஒரு மீன்

"அந்த ஜப்பான் பொண்ணு நாளைக்கு ரூமைக் காலி பண்றாளாம்" என்றாள் மனைவி சகுந்தலா.

சதாசிவம் அப்போது பாரிசில் இருந்தார். மொட்டைமாடி நாற்காலியில் கண்ணை மூடியிருந்தார், அவ்வளவுதான். அங்கே யாரோ ஒரு காபி எண்பது ரூபாய் என்று சொல்ல, வேண்டாம் சாமி என்று எழுந்து அடுத்த ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

கண்ணைத் திறந்தார். மாமல்லபுரம். கடல் காற்று. மாதக் கடைசி.

"ஏனாம்?"

"கையில காசு இல்லையாம். வரையற படம் பாதியில நிக்குதேன்னு கண் கலங்கறா."

காசு இல்லையா? டோக்கியோக்காரியிடமா?

சதாசிவம் கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கையோடு கட்டிய வீடு அது. கடன் தவணை மாதம் ஐயாயிரத்து நானூறு. அதை அடைப்பது மாடி அறையின் வாடகைதான்.

வாடகைக்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. உலகத்தில் எந்த ஊரில் என்ன விலைவாசி என்று பேப்பரில் வந்த பட்டியலைக் கத்தரித்துக் காலண்டர் பக்கத்தில் ஒட்டியிருந்தார். வருகிறவர் எந்த ஊர் என்று கேட்பார். பட்டியலைப் பார்ப்பார். தொகையைச் சொல்வார். பிராக் நகரத்துப் பையனுக்கு ஆயிரத்து ஐந்நூறு. ரோம்காரருக்கு மூவாயிரம். பாறைச் சிற்பங்களைப் படம் வரைய வந்த யூமிக்கு ஆறாயிரம். பட்டியலில் டோக்கியோதான் முதலில் இருந்தது.

"மதுராந்தகத்துல உங்கப்பா வீடு முழுசுமே எழுநூறுக்குத்தான் போகுது" என்று சகுந்தலா குத்திக்காட்டுவாள்.

"அது மதுராந்தகம். இவ ஊர்ல ஆறாயிரத்துக்கு வாசப்படிகூடக் கிடைக்காது. நான் தர்மத்துக்கு விட்டிருக்கேன்."

இப்போதும் அதையே சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார்.

"அவ எங்கே சாப்பிடறா?"

"மூணு வேளையும் கடற்கரையில. மீன் வறுத்து விக்கிறாளே சொர்ணம், அவகிட்டதான்."

சதாசிவத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அந்தச் சொர்ணத்தை அவர் மூன்று நாள் தள்ளி நின்று கவனித்திருக்கிறார். வெள்ளைக்காரன் யார் வந்தாலும் முதலில் ஒரு கேள்வி. "யுவர் ஊரு, ஒன் ஃபிஷ், ஹவ் மச்?" அவன் சொல்லுவான். அப்புறம்தான் இவள் விலை சொல்லுவாள். பொண்ணிடம் இருந்ததையெல்லாம் மீன்காரி கறந்துவிட்டாள். தவணைக்கு இப்போது எங்கே போவது?

செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தார்.

வெயில் தணிந்து, கடலும் வானமும் ஒரே நிறத்தில் இருந்தன. சொர்ணம் வாணலிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஓர் உயரமான வெள்ளைக்காரன் மீனைத் தின்றபடி போய்க்கொண்டிருந்தான்.

"இந்தாம்மா, வர்றவங்ககிட்டயெல்லாம் அவங்க ஊர் விலையை எதுக்குக் கேக்கறே?"

"குந்து சார். கேட்டாத்தான சார் எவ்ளோ வாங்கறதுன்னு தெரியும்?"

ஒளிவுமறைவே இல்லை. சதாசிவத்துக்கு முகம் சிவந்தது.

"வெக்கமா இல்ல? நம்ம ஊரை நம்பி வர்றாங்க. அவங்க ஊர் விலையைக் கேட்டுக்கிட்டு அதுக்குத் தகுந்த மாதிரி வாங்கறது நியாயமா?"

"நாயந்தான சார்? மெட்ராஸ்காரங்ககிட்ட பத்து ரூபா வாங்கறேன். அங்க மீனு சல்லிசு. இத்தாலிக்காரருக்கு எட்டு. இப்ப போறாரே, லண்டன்காரரு, அங்க ஒரு மீனு எரநூறாம். அஞ்சு ரூபா குடு, போதும்னுட்டேன்."

சதாசிவம் தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று நினைத்தார்.

"அஞ்சா? கம்மியாவா?"

"பின்ன? அவ்ளோ வெல விக்கிற ஊர்ல பொழச்சிகினு வராங்கோ. கையில இன்னா சார் நிக்கும்?"

"அங்கே சம்பளமும் ஜாஸ்திம்மா."

"இன்னா சம்பளம் வந்து இன்னா? ஒரு மீனுக்கே எரநூறு பூடுது."

மீனைத் திருப்பிப் போட்டுவிட்டுக் கடலைப் பார்த்தாள்.

"நான் செங்கல்பட்டு தாண்டிப் போனதில்ல சார். இங்க குந்திகினே எல்லா ஊரையும் நெனச்சுப் பாத்துக்குவேன். அங்க கீற கடலும் உப்புதானாம். அப்றம் எதுக்கு அவ்ளோ வெலன்னுதான் புரியல."

சதாசிவம் மெல்ல மணலில் உட்கார்ந்தார்.

"அந்த ஜப்பான் பொண்ணுகிட்ட எவ்வளவு வாங்கறே?"

"யூமியா? அதுங்கிட்ட எப்டி சார் வாங்குவேன்? அவங்க ஊர்ல ஒரு மீனு ஐந்நூறாம். நோட்டுல மீனு படம் போட்டு எழுதிக் காட்டிச்சி. துட்டே வாணாம்னுட்டேன். மூணு மாசமா சும்மாதான் துன்னுது."

அலை வந்தது, போனது.

"பாவம், நாளைக்கு ஊருக்குப் போவுதாம். வூட்டு வாடகை ஆறாயிரமாம் சார்! இந்த மாமல்லபுரத்துல! பிசாத்து ஒரு ரூமுக்கு!"

சதாசிவம் சட்டென்று எழுந்தார். யார் அந்த வீட்டுக்காரன் என்று அடுத்து அவள் திட்டத் தொடங்குவாள். அதற்குள் போய்விட வேண்டும்.

சொர்ணம் திட்டவில்லை. சூடாக ஒரு மீனை இலையில் வைத்து அவரிடம் நீட்டினாள்.

"அந்த வூட்டுக்காரரு டோக்கியோவவிட வெல ஜாஸ்தியான ஊருலேந்து வந்திருப்பாரு சார். இல்லாட்டி மனுசன் அவ்ளோ கேப்பாரா? எங்கனா பாத்தா இட்டுகினு வா. பாவம், அவருக்கும் துட்டு வாணாம்."